வாட்சன் வழக்கு: இரண்டு சாம்பியன்களுக்கு நடுவே ஒரு தீர்ப்பு

விபத்து இழப்பீட்டு வழக்குகளையே தொழிலாகக் கொண்ட எனக்கு மறக்க முடியாத வழக்கு, நான் ஆஜராகாத ஒரு வழக்கு. இங்கிலாந்தில் நடந்தது. பெயர், 'வாட்சன் எதிர் பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியம்'. விளையாட்டில் அடிபட்டவர் என்று யார் கட்சிக்காரராக வந்தாலும், நான் முதலில் புரட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான்.

நைஜல் பென், கிறிஸ் யூபேங்க் இருவரில் யார் பெரிய சாம்பியன் என்று குத்துச்சண்டை ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். பென் ராணுவத்தில் இருந்து வந்தவர். எதிராளியை முதல் சுற்றிலேயே முடித்துவிடப் பாய்பவர். அட்லாண்டிக் சிட்டியில் ஒரு உலகப் பட்டம், இத்தாலியில் இன்னொன்று என்று வெளிநாடு போய் வென்றவர். யூபேங்க் ஒற்றைக்கண் கண்ணாடியும் குதிரைச் சவாரி உடையுமாக வலம் வந்தவர். வளையத்துக்கு வெளியே நின்று கயிற்றைத் தாண்டிக் குதித்து உள்ளே வருபவர். 1990 நவம்பரில் பர்மிங்காமில் பென்னை ஒன்பதாவது சுற்றில் யூபேங்க் வீழ்த்தினார். 1993 அக்டோபரில் ஓல்ட் டிராஃபோர்டில் மீண்டும் மோதியபோது முடிவு சமன். ஆக, கணக்கு யூபேங்க் பக்கம். ஆனால் இருவரின் கதையிலும் மூன்றாவது ஒருவர் இருக்கிறார்: மைக்கேல் வாட்சன்.

பென்னுக்கு முதல் தோல்வியைக் கொடுத்தவரே வாட்சன்தான். 1989 மே மாதம், லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் போட்ட கூடாரத்தில், ஆறாவது சுற்றில். 1991 ஜூனில் அவர் யூபேங்கிடம் புள்ளிகளில் தோற்றார். தீர்ப்பு தவறு என்று அரங்கமே கத்தியது. அதனால் அந்த ஆண்டு செப்டம்பர் 21 அன்று டாட்டன்ஹாமின் ஒயிட் ஹார்ட் லேன் மைதானத்தில் மறுமோதல். பதினோராவது சுற்றில் வாட்சன் யூபேங்கைத் தரையில் தள்ளினார். எழுந்த யூபேங்க் அடுத்த கணமே கீழிருந்து மேலாக ஒரு குத்து விட்டார். வாட்சன் பின்னால் சாய்ந்து விழுந்தார். தலை கயிற்றில் மோதியது. பன்னிரண்டாவது சுற்று தொடங்கிய சிறிது நேரத்தில் நடுவர் சண்டையை நிறுத்தினார். அப்போது இரவு மணி 10.54. சற்று நேரத்தில் வாட்சன் நினைவிழந்தார்.

வழக்கு முழுவதும் அதற்குப் பிந்தைய அரை மணி நேரத்தைப் பற்றியதுதான். மண்டைக்குள் ரத்தம் கசிந்து மூளையை அழுத்துகிறது. நினைவிழந்தவரின் மூச்சு தடைபடுகிறது. மூளைக்கு ஆக்சிஜன் குறைகிறது. அதனாலேயே மூளை மேலும் வீங்குகிறது. உடனடியாக மூச்சுக்குழாயில் குழாய் செருகி, ஆக்சிஜன் கொடுத்து, வீக்கம் குறைக்கும் மருந்தை நரம்பில் ஏற்றினால் சேதத்தைப் பெருமளவு தடுக்கலாம். அறுவை சிகிச்சை அதற்கடுத்த கட்டம். வாட்சனுக்கு அந்த முதல் சிகிச்சை கிடைத்தது ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து, மருத்துவமனையில். அங்கே மூளை அறுவைப் பிரிவு இல்லாததால் அவரை இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அறுவை சிகிச்சை செய்தவர் பீட்டர் ஹாம்லின். நாற்பது நாள் நினைவில்லாமல் கிடந்த வாட்சன் உயிர் பிழைத்தார். உடலின் இடப்பக்கம் முடங்கிப்போனது.

இங்கேதான் வக்கீல் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் வருகிறது. அன்று மைதானத்தில் மருத்துவர்கள் இருந்தார்கள், ஆம்புலன்ஸும் நின்றது. வாரியம் எழுதிவைத்த விதிகளைச் சண்டை நடத்தியவர்கள் மீறவில்லை. குறை விதிகளிலேயே இருந்தது. மூச்சுக்குழாய் செருகத் தெரிந்தவர் வளையத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஆகவே வாட்சன் யூபேங்க் மீதோ, நடத்தியவர்கள் மீதோ வழக்குப் போடவில்லை. விதி எழுதியவர்களையே கூண்டில் ஏற்றினார்.

வாரியத்தின் எதிர்வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 'நாங்கள் யாரையும் அடிக்கவில்லை. விதி எழுதுவதோடு எங்கள் வேலை முடிந்தது. லாபம் பார்க்காத அமைப்பு; காப்பீடுகூட இல்லை. எங்கள் மீது பொறுப்பைச் சுமத்துவது நியாயமா?' 1999இல் உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2000 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் லார்ட் பிலிப்ஸ் தலைமையிலான அமர்வும் ஏற்கவில்லை. வாரியத்தின் உரிமம் இல்லாமல் அன்று பிரிட்டனில் யாரும் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்க முடியாத நிலை இருந்தது. மருத்துவ ஏற்பாடு என்னென்ன இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதும் வாரியம்தான். வீரர்கள் அதை நம்பித்தான் வளையத்துக்குள் ஏறுகிறார்கள். இவ்வளவு அதிகாரம் கையில் இருக்கும்போது கவனக் கடமையும் கூடவே வந்துவிடுகிறது என்றது நீதிமன்றம். எதிராளியின் குத்துக்கு வாட்சன் சம்மதித்தார் என்பது உண்மை. சிகிச்சை தாமதமாவதற்கு அவர் சம்மதிக்கவில்லை.

வெற்றி பெற்றும் வாட்சனுக்கு முழு இழப்பீடு கிடைக்கவில்லை. வாரியம் நிதி நெருக்கடியில் விழுந்து, லண்டன் தலைமையகத்தை விற்க நேர்ந்தது. கடைசியில் 4 லட்சம் பவுண்டுக்குச் சமரசம் ஆனது. ஆயுள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்படும் ஒருவருக்கு அது போதாது என்பதே என் கருத்து. ஆனால் தீர்ப்பு தங்கிவிட்டது. 2003இல் ரக்பி நடுவருக்கும் கவனக் கடமை உண்டு என்று இங்கிலாந்தில் தீர்ப்பானபோது வாட்சன் வழக்கும் துணைக்கு வந்தது.

இப்போது இரண்டு சாம்பியன்களுக்கு வருகிறேன். 1995 பிப்ரவரி 25 அன்று லண்டன் அரீனாவில் பென் அமெரிக்கரான ஜெரால்டு மெக்லெல்லனைச் சந்தித்தார். முதல் சுற்றிலேயே கயிற்றுக்கு வெளியே தூக்கி எறியப்பட்ட பென், மீண்டு வந்து பத்தாவது சுற்றில் வென்றார். அவர் வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றி அது. மெக்லெல்லன் தன் மூலையில் சரிந்தார். மண்டைக்குள் அதே ரத்தக் கட்டு. ஆனால் வாட்சனுக்குப் பிறகு, ஹாம்லின் போன்றோர் வலியுறுத்தியதால் ஏற்பாடுகள் மாறியிருந்தன. மயக்க மருந்து நிபுணர் வளையத்தின் அருகிலேயே இருந்தார். மெக்லெல்லன் பார்வையை இழந்தார், உயிர் தப்பினார். பென்னின் பெயர் ஒரு மரணத்தோடு சேராமல் போனதற்கு, அவரை முதன்முதலில் தோற்கடித்த வாட்சன் பட்ட பாடும் ஒரு காரணம்.

யூபேங்க் வேறு வழியில் அந்தச் சுமையைத் தாங்கினார். ஒயிட் ஹார்ட் லேனுக்குப் பிறகு, தடுமாறும் எதிராளியை முடித்துவிடும் வேகம் அவரிடம் குறைந்தது. பெரும்பாலும் புள்ளிகளில்தான் வென்றார். 2003இல் வாட்சன் லண்டன் மாரத்தான் பாதையை ஆறு நாளில் நடந்து முடித்தபோது, கடைசித் தூரத்தில் யூபேங்கும் கூட நடந்தார். 2016இல் வெம்ப்ளியில் யூபேங்கின் மகன், எதிராளி நிக் பிளாக்வெல்லைச் சரமாரியாகக் குத்திக்கொண்டிருந்தபோது, சுற்று இடைவேளையில் அப்பா சொன்ன அறிவுரை தலையில் அடிக்காதே, உடம்பில் அடி என்பது. ஜெயிக்கிற மகனிடம் அப்படிச் சொல்ல, வாட்சனைக் கண்ணால் பார்த்த ஒருவரால்தான் முடியும்.

யார் பெரியவர் என்று என்னைக் கேட்டால், வளையத்துக்குள் துணிச்சலுக்குப் பென். வளையத்துக்கு வெளியே மனச்சாட்சிக்கு யூபேங்க். ஆனால் அந்த இருவரைவிட நீடித்து நிற்கப்போகும் பெயர் வாட்சனுடையது. 2025இல் யூபேங்கின் மகனும் பென்னின் மகனும் டாட்டன்ஹாமில் இரண்டு முறை மோதி ஆளுக்கொன்று வென்றார்கள். இருவருக்கும் பாதுகாப்பாக நின்றவை, அப்பாக்களின் எதிராளி ஒருவர் தன் உடம்பைக் கொடுத்துப் பெற்ற விதிகள். விளையாட்டை நடத்தும் எந்தச் சங்கமும், எந்த நாட்டில் இருந்தாலும், 'நாங்கள் விதி மட்டும்தான் போட்டோம்' என்று ஒதுங்கப் பார்த்தால், அதற்கு எதிராக நீட்ட வேண்டிய முதல் காகிதம் இந்தத் தீர்ப்பு. மூச்சுக்குழாய் செருகத் தெரிந்தவர் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்விக்கு, முதல் மணி அடிக்கும் முன்பே பதில் இருக்க வேண்டும்.