விளக்கை அணைத்தால் போதுமா?

ஆர்.சி. புத்தகத்தில் வண்டி என் பெயரில்தான் இருக்கிறது. 2021இல் வாங்கியபோது, கடன் பெண் பெயரில் இருந்தால் வட்டி கொஞ்சம் குறையும் என்றார்கள். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். சாவியை வாங்கிக்கொண்டது என் கணவர். அடுத்த மூன்று வருடம் அந்த டீசல் பிக்கப்பின் ஓட்டுநர் பக்கக் கதவை நான் திறந்ததே இல்லை.

கோவில்பதாகையில் வீட்டு மாடியில் எட்டுப் பெண்களோடு தையல் ஜாப் ஒர்க் நடத்துகிறேன். வெட்டிய துணி வரும். தைத்து, காஜா போட்டு, கட்டுக் கட்டி, சனிக்கிழமைக்குள் பாடி மேம்பாலத்துக்கு அப்பால் இருக்கும் குடோனில் சேர்க்க வேண்டும். சேர்த்தால்தான் கூலி. 2024இல் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். இனி லோடு வண்டி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆள் போட்டு ஓட்டினால் கட்டுப்படி ஆகாது. ஆவடியில் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தேன். நாற்பத்து நான்கு வயதில் எல்.எம்.வி. லைசென்ஸ் வாங்கினேன்.

“இந்த லைசென்ஸை வச்சு லோடு வண்டி ஓட்டக் கூடாது” என்று தெருவில் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அந்த நவம்பரில்தான் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உறுதி செய்தது. அந்தச் செய்தியைச் செல்போனில் எடுத்து வைத்துக்கொண்டேன். இதுவரை யாருக்கும் காட்ட வேண்டி வரவில்லை. ஆனாலும் அழிக்கவில்லை.

போன ஆனி மாதம், முழு லோடோடு பாடி மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தேன். இழுவை வந்துவிட்டது. விளக்கு மட்டும் போகவில்லை.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனேன். அவர் என்னைத் தாண்டி வண்டிக்குள் பார்த்தார்.

“சார் வரலையாம்மா?”

“நான்தாண்ணே ஓட்டுறேன்.”

ஸ்கேனரை மாட்டினார். திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது. ஏதோ அழுத்தினார், விளக்கு அணைந்தது.

“என்ன கோடுண்ணே வந்துச்சு?”

“அது உங்களுக்குப் புரியாதும்மா. டர்போ போயிருக்கும்னு நினைக்கிறேன். நாப்பத்தஞ்சாயிரம் ஆகும். சாரை வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்.”

ஸ்கேன் போட்டதற்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அதே மேம்பாலத்தில் விளக்கு திரும்ப எரிந்தது.

அன்று இரவு வீட்டில் வண்டியை விற்கும் பேச்சு வந்தது. கொழுந்தனார் ஒரு பார்ட்டியை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். “உன்னால முடியலைனு யாரும் சொல்லலை. செலவு வைக்கிற வண்டி, எதுக்கு?” என்றார். கணவர் ஒன்றும் பேசவில்லை. மாதத் தவணை 16,400 ரூபாய், இன்னும் பதினோரு மாதம் பாக்கி. வண்டி போனால் வாடகை வண்டிக்கே லாபம் போய்விடும். மாடியில் எட்டு மெஷினில் நாலு மெஷின் ஓடாது. எந்த நாலு பேரை நிறுத்துவது என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். தூக்கம் வரவில்லை.

அந்த மஞ்சள் விளக்கு வண்டிக்காரருக்காக வந்ததல்ல, புகைக்காக வந்தது என்பதைப் பின்னால்தான் படித்தேன். வண்டி தன் புகையைத் தானே கண்காணிக்க வேண்டும் என்ற விதியை 1988 மாடல் வண்டிகளிலிருந்து கலிபோர்னியா கொண்டுவந்தது. இங்கே பி.எஸ்.4 காலத்தில் அது கட்டாயமானது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 வந்தபோது கண்காணிப்பு இன்னும் இறுகியது. காற்று எவ்வளவு உள்ளே போகிறது, டீசல் எந்த அழுத்தத்தில் வருகிறது, டர்போ எவ்வளவு தள்ளுகிறது, சைலன்சரில் கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சென்சார்கள் அளந்துகொண்டே இருக்கும். ஏதாவது ஒன்று எல்லை தாண்டினால் கம்ப்யூட்டர் ஒரு கோடைப் பதிவு செய்து விளக்கைப் போடும். கூடவே அந்த நொடியில் வண்டி என்ன வேகம், இன்ஜின் எத்தனை சுற்று, எவ்வளவு சுமை, எவ்வளவு சூடு என்பதையும் ஒரு படம்போல எடுத்து வைக்கும். கோடை அழித்தால் அந்தப் படமும் அழிந்துபோகும். மெக்கானிக் அன்று செய்தது அதைத்தான். விளக்கை அணைத்தார், சாட்சியையும் அழித்தார்.

இதைப் படித்தபோது வண்டி நினைவு மட்டும் வரவில்லை. நாற்பது வயதில் எனக்கு மாதாமாதம் பத்து நாள் உதிரப்போக்கு இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கும். போன இடத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், ‘வயசு அப்படி’ என்றார்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு டாக்டரம்மாதான் முதன்முதலாக ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 7 இருந்தது. கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அத்தனை பேரின் வீட்டிலும் ‘அலுப்பு’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. விளக்கை அணைக்கும் வார்த்தை அது.

ஆன்லைனில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒரு சின்ன ஸ்கேனர் வாங்கினேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, பதினாறு ஓட்டை உள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது. மூன்று வருடமாக என் பெயரில் இருந்த வண்டியில் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அதில் மாட்டி, செல்போனோடு ப்ளூடூத்தில் இணைத்தோம். மகள் திரையைப் படித்தாள். பி0299.

டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் வேண்டிய அளவுக்கு வரவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். டர்போ கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த வித்தியாசத்தின் விலை நாற்பத்தைந்தாயிரம் ரூபாய். காற்று குறைவதற்குக் காரணம் ஏர் ஃபில்டர் அடைப்பாக இருக்கலாம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ் பிளந்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். டர்போவைக் கட்டுப்படுத்தும் சின்னக் குழாய் கழன்றிருக்கலாம். ஈ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். அளக்கும் சென்சாரே தப்பாகச் சொல்லலாம். டர்போ இந்த வரிசையில் கடைசி. செலவில்லாததிலிருந்து தொடங்கி, செலவு வைப்பதைக் கடைசியில் பார்க்க வேண்டும்.

நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டேன். கோடையும், பதிவான விவரங்களையும் எழுதினேன்: நாலாம் கியரில் ஏறியிருக்க வேண்டிய வேகம், 2,300 சுற்று, சுமை கிட்டத்தட்ட முழுமை. காலி வண்டியில் இந்த விளக்கு ஒருமுறைகூட வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தம். அடுத்த லோடில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை வாசித்துக்கொண்டே வந்தாள். இன்ஜின் ஓடாதபோது 101. அது வெறும் வெளிக்காற்று. ஐடிலிலும் ஏறக்குறைய அதே அளவு. மேம்பாலம் ஏறும்போது 200ஐ நெருங்க வேண்டியது, “நூத்தி முப்பதும்மா... நூத்தி முப்பதுலயே நிக்குது” என்றாள். காற்று உற்பத்தியாகிறது, வழியில் எங்கோ போகிறது. எனக்கு அப்படித்தான் பட்டது. தைத்த சட்டை மேசைமேல் கிடக்கும்போது தையல் சரியாகவே இருக்கும். போட்டுக் கையைத் தூக்கினால்தான் அக்குளில் பிளக்கும்.

இன்ஜினுக்குள் கை விடுவதற்கு முன் கொஞ்ச நேரம் நின்றேன். கல்யாணத்துக்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கார்மென்ட்ஸில் வேலை பார்த்தேன். மெஷின் நின்றால் எழுந்து கையைத் தூக்க வேண்டும். மெக்கானிக் அண்ணன் வரும்வரை மோட்டாரைத் தொடக் கூடாது. அவர் வர முக்கால் மணி நேரம் ஆனால் அந்த முக்கால் மணி நேர உற்பத்திக் குறைவு எங்கள் கணக்கில் ஏறும். அது சூப்பர்வைசரின் கண்டிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவில் ஒரு வரி இருந்தது: ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினையும் அதன் சுழலும் பாகங்களையும் துடைக்கவோ, எண்ணெய் விடவோ, சரிசெய்யவோ பெண்களையும் சிறுவர் சிறுமியரையும் விடக் கூடாது. எங்கள் புடவை, துப்பட்டா, முடி மாட்டிக்கொள்ளும் என்ற அக்கறை அதில் இருக்கலாம். ஆனால் ஆண்களுக்கு எப்படிச் செய்ய வேண்டும் என்று பாதுகாப்பு விதி, எங்களுக்குத் தொடவே கூடாது என்று தடை. ஓடும் மெஷினுக்கு வைத்த தடை, எங்கள் கம்பெனியில் நின்ற மெஷினுக்கும் நீண்டது. எனக்குள் இருபத்தைந்து வருடம் கழித்தும் நின்றுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. இன்ஜின் ஆறியிருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது. கொண்டையை இறுக்கி, சுடிதார் கையை மடித்துவிட்டுக் குனிந்தேன். இன்டர்கூலரிலிருந்து வரும் ஹோஸ் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. விரலை விட்டுத் தடவினேன். கிளாம்புக்கு ஒரு விரற்கடை தள்ளி எண்ணெய்ப் பிசுபிசுப்பு, அதில் புழுதி அப்பியிருந்தது. காற்றோடு வரும் எண்ணெய் ஆவி வெளியே கசியும் இடத்தில் அப்படித்தான் படியும். ஹோஸை அமுக்கினேன். உதடு பிரிவதுபோல ஒரு பிளவு திறந்தது. கையை எடுத்தால் மூடிக்கொண்டது.

மறுநாள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போய் ஹோஸும் இரண்டு கிளாம்பும் வாங்கினேன். 2,150 ரூபாய். “எந்த மெக்கானிக் அனுப்பினாரு?” என்று கடையில் கேட்டார்கள். “நானே வந்தேன்” என்றேன். பழைய ஹோஸை மேசைமேல் வைத்ததும், அவர் மேற்கொண்டு கேட்காமல் பார்ட் நம்பரைப் பார்க்கத் தொடங்கினார்.

மாட்டும்போது கணவர் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தார். நான் ஸ்குரூவை முறுக்கிக்கொண்டே போனேன். “போதும், போதும். ரொம்ப முறுக்கினா கிளாம்பே ரப்பரை அறுத்துடும். ரெண்டு நாள் ஓட்டிட்டு ஒருதடவை பார்த்து முறுக்கணும்” என்றார். இந்த வண்டியைப் பற்றி அவர் எனக்குச் சொன்ன முதல் விஷயம் அதுதான். அவருக்கு இது தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லலாம் என்பது அவருக்கும் தோன்றியிருக்காது. அன்று சாயங்காலம் கொழுந்தனாருக்கு அவரே போன் செய்து அந்தப் பார்ட்டி வேண்டாம் என்றார்.

கோடை நான் அழிக்கவில்லை. கோளாறு தீர்ந்திருந்தால் கம்ப்யூட்டர் சில ஓட்டங்கள் சோதித்துவிட்டுத் தானாக விளக்கை அணைக்கும் என்று படித்திருந்தேன். அடுத்த லோடில் மேம்பாலம் ஏறும்போது மகள் “நூத்தித் தொண்ணூறு” என்று கத்தினாள். நாலாவது நாள் காலையில் ஸ்டார்ட் செய்தபோது மஞ்சள் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. பிறகு வரவில்லை.

நான் மெக்கானிக் ஆகிவிடவில்லை. கிளட்ச் தேய்ந்தபோது பட்டறைக்குத்தான் போனேன். அந்த மெக்கானிக்கை மோசக்காரர் என்றும் சொல்ல மாட்டேன். அவர் ஊகித்தார். கேள்வி கேட்காத ஆளிடம் ஊகிப்பது சுலபம், ஊகத்தின் செலவு ஊகித்தவரைச் சேராது. இப்போது நோட்டைக் கொண்டுபோகிறேன். கோடு எண், தேதி, எப்போது வந்தது, லோடு இருந்ததா இல்லையா என்று அதில் இருக்கும். நோட்டைப் பார்த்தபின் யாரும் சாரை வரச் சொன்னதில்லை.

போன வாரம் பக்கத்துத் தெரு ஷேர் ஆட்டோ அக்கா, தம்பி மகனின் லோடு வண்டியில் விளக்கு எரிகிறது என்று வந்தார். “அதை அணைக்கிற மிஷின் உங்கிட்ட இருக்காமே?”

“இருக்குக்கா. அணைக்க வேணாம். முதல்ல என்ன சொல்லுதுன்னு எழுதிக்குவோம்” என்று நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.