பற்றவைத்த பின்பு

பெரம்பலூரிலும் அரியலூரிலும் வெல்டிங் தொழில் செய்யும் பிள்ளைகள் உள்ள வீடுகளை எண்ணி இதை எழுதுகிறேன். திருச்சிக்கு அருகே திருவெறும்பூரில், பெல் ஆலையில் உயர் அழுத்தக் கொதிகலன்கள் உருவாகின்றன. குரோமியமும் மாலிப்டினமும் சிறிதளவு கலந்த எஃகுக் குழாய்களைப் பற்றவைத்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. இணைப்பு வெளியே பளபளக்கும். உள்ளேயோ, விரைந்து குளிர்ந்த பகுதி கடினமாகி இறுக்கத்தைச் சுமந்திருக்கும். ஹைட்ரஜன் புகுந்திருந்தால் ஓரிரு நாள் கழித்தும் விரிசல் தோன்றும். ஆகவே ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸுக்கு மெல்லச் சூடேற்றி, 25 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சுமார் ஒரு மணி நேரம் வைத்திருந்து, போர்வை மூடியபடியே ஆறவிடுகிறார்கள். உருக்குவதற்கல்ல அந்தச் சூடு, இறுக்கத்தைத் தளர்த்துவதற்கே. (பிரிந்த உறவைச் சேர்த்துவைத்த மறுநாளே அதன்மேல் பாரம் ஏற்றுகிறவர்கள் நாம்.) நேரமாகிறதென்று பிறர் அவசரப்படுத்தினாலும் போர்வையைக் கழற்றாத பிள்ளைகளுக்காக இவ்வாரம் ஜெபியுங்கள், கொதிகலனருகே நிற்பவருடைய உயிர் அவர்கள் கையில் இருக்கிறது.