பாகம் பிரியாத திராட்சைத் தோட்டம்

தலைப்பைப் பார்த்துட்டு நம்ம கம்பம் பள்ளத்தாக்கைப் பத்தின பதிவுன்னு நினைச்சிருப்பீங்க. இல்லைங்க. இது பிரான்ஸ் நாட்டுல, ஜெர்மனி எல்லையை ஒட்டி இருக்கிற அல்சாஸ் பகுதியில ஒரு குடும்பத்தோட கதை. ஒயின்னு சொன்னதும் முகம் சுளிக்க வேண்டாம். நான் குடிக்கிறவன் இல்லை. பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை வளர்க்கிறவன். இன்னொரு நாட்டுத் திராட்சைக்காரன் எப்படிப் பிழைக்கிறான்னு தெரிஞ்சுக்கிற ஆசையில, மகன் போன்ல தேடிக் கொடுத்ததை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாப் படிச்சேன்.

ஊர் பேர் ரிக்வீர். குடும்பத்தின் பேர் ஹூகல். 1639-ல் ஹான்ஸ் உல்ரிச் ஹூகல் என்பவர் அந்த ஊரில் வந்து குடியேறினார். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. படைகளும் கொள்ளைநோயும் புகுந்து அல்சாஸ் ஊர்களைப் பாதி காலி பண்ணியிருந்தன. அந்த நேரத்தில் வந்து கொடி நட்டவரின் வாரிசுகள்தான் இன்னைக்கும் அதே ஊரில் திராட்சை வெட்டுகிறார்கள். இப்போ வேலை பார்ப்பது 13-வது தலைமுறை. நமக்கெல்லாம் தாத்தாவுக்கு அப்பா பேர் கேட்டாலே யோசிக்கணும்.

நடுவில் அவர்களுக்கு வந்த சோதனை கொஞ்சநஞ்சம் இல்லை. 1871-ல் போரில் ஜெயித்த ஜெர்மனி அல்சாஸை எடுத்துக்கொண்டது. 1918-ல் திரும்பவும் பிரான்ஸ். 1940-ல் ஹிட்லர் படை வந்து மறுபடி ஜெர்மனி. போர் முடிந்ததும் மறுபடி பிரான்ஸ். 1870-க்கு முன்னால் பிறந்து எண்பது வயசு வாழ்ந்த ஒரு அல்சாஸ் கிழவர், வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே நாலு தடவை நாடு மாறியிருப்பார். 1942-லிருந்து அந்தப் பகுதிப் பையன்களை ஜெர்மன் ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்த்தார்கள். ஹூகல் வீட்டுப் பிள்ளைகளும் அதில் தப்பவில்லை. 1944 கடைசியில் நடந்த சண்டையில் பக்கத்து ஊரான பென்வீர் தரைமட்டம். ரிக்வீர் மட்டும் பெரிய சேதமில்லாமல் தப்பியது.

முதல் ஜெர்மன் ஆட்சியில்தான் விவசாயிக்கு உள்ளுக்குள் ஒரு அடி விழுந்தது. அல்சாஸ் திராட்சையை மலிவாக வாங்கி, மற்ற ஒயினோடு கலந்து விற்றார்கள். ஊர் பேரும் இல்லை, விளைவித்தவன் பேரும் இல்லை. அதனால் எடை மட்டும் நிற்கிற ரகங்களையே பலர் நட்டார்கள். 1918-க்குப் பிறகு ஹூகல் மாதிரி சில குடும்பங்கள் பிடிவாதமாக ரீஸ்லிங், கெவுர்ட்ஸ்ட்ராமினர் போன்ற நல்ல ரகங்களுக்குத் திரும்பி, சொந்தப் பேரை பாட்டிலில் ஒட்டி விற்றன. 1972-லிருந்து அல்சாஸ் ஒயினை அந்தப் பகுதிக்குள்ளேயேதான் பாட்டிலில் அடைக்கணும்னு சட்டமே இருக்கு. இங்கே என் பழம் பெட்டியில் ஏறி வண்டி கிளம்பினால், அதோட என் பேரும் போச்சு. விலையை வியாபாரி சொல்வார், நான் தலையாட்டுவேன்.

அவர்கள் வேலை செய்யும் முறையைச் சொல்றேன். மேற்கே வோஜ் மலை மழையைத் தடுத்துவிடுகிறது. பக்கத்திலிருக்கிற கோல்மார் பிரான்ஸிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலை நமக்குச் செய்கிற அதே வேலை. ஆனால் நாம் வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை வெட்டுவோம், அவர்களுக்கு ஒரே அறுவடை. ஹூகல் தோட்டத்தில் கையால்தான் வெட்டுகிறார்கள். பழம் நசுங்காமல் கொண்டுவந்து மேலிருந்து பிழியும் இயந்திரத்தில் கொட்டுகிறார்கள், பம்ப் வைத்து இழுப்பதில்லை. மெதுவாகப் பிழிந்த சாறு சில மணி நேரம் தெளிந்த பிறகு நொதிக்க விடுகிறார்கள். பழத்திலுள்ள சர்க்கரை ஆல்கஹாலாக மாறும். அவர்கள் நிலவறையில் 1715-ல் செய்த ஓக் மரப் பீப்பாய் ஒன்று இன்னும் உபயோகத்தில் இருக்கிறது. புது மரத்தின் வாசம் சாறில் ஏறக்கூடாது என்பதால் பழைய பீப்பாய்தான் அவர்களுக்கு உசத்தி.

என்னை ஆச்சரியப்பட வைத்தது பூஞ்சை விஷயம். பழத்தில் பூஞ்சை விழுந்தால் நமக்கு அன்னைக்குச் சோறு இறங்காது. அவர்கள் அக்டோபர், நவம்பர் வரை சில கொத்துகளைக் கொடியிலேயே விட்டு வைக்கிறார்கள். காலைப் பனியும் மதிய வெயிலும் சரியாக அமைந்தால், ஒரு வகைப் பூஞ்சை தோலைத் துளைத்து நீரை வற்ற வைக்கும். பழம் சுருங்கி சர்க்கரை மட்டும் கெட்டிப்படும். அதைப் பழம் பழமாகப் பொறுக்குவார்கள். பெரிய மழை வந்தால் மொத்தமும் போச்சு. இந்த ஒயினுக்கான கடுமையான விதிகளை எழுதியதில் ஜானி ஹூகலுக்குப் பெரிய பங்கு. 1984-ல் அது சட்டமானது.

இதெல்லாம் சரி, சொத்து எப்படித் தாங்குச்சு? அங்கேயும் 1804-லிருந்து எல்லாப் பிள்ளைக்கும் பங்கு உண்டு. பர்கண்டி பகுதியில் குளோ த வூஜோ என்று ஒரு தோட்டம், சுற்றுச்சுவருக்குள் சுமார் 50 ஹெக்டேர். 1889 வரை ஒரே கையில் இருந்தது. விற்று, பிரித்து, இன்னைக்குச் சுமார் 80 பேர் கையில் இருக்கு. ஹூகல் குடும்பம் தொழிலைக் குடும்பக் கம்பெனியாக ஆக்கிக்கொண்டது. ஜானி, ஜார்ஜ், ஆந்த்ரே மூணு சகோதரர்களும் சேர்ந்து நடத்தினார்கள். அடுத்த தலைமுறையிலும் மூணு பேர்: மார்க் நிலவறையில் ஒயின் தயாரிக்க, எத்தியென் உலகம் சுற்றி விற்க, ஜான் பிலிப் நிர்வாகம் பார்க்க. பங்கு பிரிஞ்சது வேலையில, நிலத்தில் இல்லை.

எங்க அப்பா காலத்தில் மூணே முக்கால் ஏக்கர். மூணு பேருக்குப் பிரிச்சு எனக்கு ஒண்ணே கால். கிணறு ஒண்ணு, மோட்டார் ஒண்ணு, தண்ணி முறை வைச்சு. தம்பி பங்கை பிளாட் போடக் கேட்டு ஆள் வந்துட்டுப் போயிட்டார். என் மகன் கோயம்புத்தூரில் கணக்கு வேலை பார்க்கிறான். விற்க ஒருத்தன், கணக்குக்கு ஒருத்தன், கொடிக்கு ஒருத்தன்னு எங்க வீட்டிலும் ஆள் இருக்கத்தான் செய்யுது.

தை மாசம் எல்லாரும் ஊருக்கு வருவாங்க. வரப்பை எடுத்துட்டு ஒரே தோட்டமாப் பண்ணுவோமான்னு பேச்சை எடுக்கப் போறேன். உங்க சொந்தத்துல யாராவது அப்படிச் சேர்ந்து விவசாயம் பண்றாங்கன்னா, லாப நஷ்டக் கணக்கைச் சண்டையில்லாம எப்படி வச்சுக்கிறாங்கன்னு விசாரிச்சு எழுதுங்க. தை பிறக்கிறதுக்குள்ள தெரிஞ்சா உதவியா இருக்கும்.