முதுகுக்குள் ஒரு பேட்டரி

முதுகெலும்பு இணைப்பு அறுவை செய்துகொண்டவருக்குக் கஷ்டமான காலம் எது? முதல் வாரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வலி உச்சத்தில் இருப்பது அப்போதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஆளை ஏமாற்றுகிற காலம் ஒன்று உண்டு. அது மூன்றாவது மாதம் வாக்கில் வரும். வலி பெருமளவு குறைந்திருக்கும். ராத்திரி தூக்கம் வரும். பார்க்க வருகிறவர்கள் "அட, நல்லாயிட்டீங்களே!" என்பார்கள். உள்ளே எலும்பு மட்டும் இன்னும் சரியாக ஒட்டியிருக்காது!

இது புரிய வேண்டுமானால் அந்த அறுவையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

முதுகுத்தண்டு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகளின் வரிசை. டிஸ்க் தேய்ந்தோ, ஒரு எலும்பு முன்னால் நழுவியோ, இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள அசைவே வலியாகிவிட்டால், அந்த அசைவை நிறுத்திவிட மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். திருகுகளும் கம்பிகளும் வைத்து இரண்டையும் பிடித்து நிறுத்துகிறார்கள். எலும்பின் மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தோ எலும்பு வங்கியிலிருந்தோ எடுத்த துணுக்குகளை அங்கே பரப்புகிறார்கள். மருத்துவரின் வேலை அதோடு முடிந்தது. ஒட்டுகிற வேலையை உடம்புதான் செய்ய வேண்டும்.

வீடு கட்டும்போது சென்ட்ரிங் அடிப்பார்களே, திருகும் கம்பியும் அது மாதிரிதான். கான்கிரீட் இறுகும் வரை தாங்கிப் பிடிக்கும். கான்கிரீட் இறுகவே இல்லையென்றால் சென்ட்ரிங் எத்தனை நாள் தாங்கும்? எலும்பு ஒட்டாத முதுகில் திருகு தளர்ந்துபோகும், கம்பி உடைந்தும் போகும்.

இந்த அறுவைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1911-ல் நியூயார்க்கில் ரஸல் ஹிப்ஸ், ஃப்ரெட் ஆல்பி என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே இதைச் செய்தார்கள். முதுகெலும்பைத் தாக்கும் காசநோய்தான் அன்றைய காரணம். இன்றுள்ள திருகும் கம்பியும் அப்போது கிடையாது. அன்றிலிருந்து இன்றுவரை மாறாத கேள்வி ஒன்றுதான்: எலும்பு ஒட்டுமா, ஒட்டாதா?

இந்த இடத்தில்தான் மின்சாரம் உள்ளே வருகிறது. 1957-ல் ஜப்பானில் எய்ச்சி ஃபுகாதா, இவாவ் யசுதா இருவரும் எலும்பை அழுத்தினால் அதில் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது என்று காட்டினார்கள். அழுத்தினால் மின்சாரம் வருகிறது, சரி. மின்சாரம் கொடுத்தால் எலும்பு வளருமா? வளர்ந்தது! எதிர்மின் முனையைச் சுற்றிப் புதிய எலும்பு உருவாவதைப் பல ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 1974-ல் ஆஸ்திரேலியாவின் ட்வையர், விக்கம் இருவரும் முதுகெலும்பு இணைப்பில் நேர்மின்னோட்டத்தைப் பயன்படுத்தியதை எழுதினார்கள். 1987-ல் உடலுக்குள் வைக்கும் கருவிக்கு அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது.

கருவி ரொம்ப எளிமையானது. ஒரு சின்ன பேட்டரிப் பெட்டி. அதிலிருந்து கிளம்பும் மெல்லிய கம்பிகள். கம்பிகளின் முனை எலும்புத் துணுக்குகளுக்கு நடுவே படுத்திருக்கும். பெட்டி இடுப்புக்குச் சற்று மேலே தோலுக்கு அடியில் இருக்கும். இதில் ஓடும் மின்சாரம் சில பத்து மைக்ரோ ஆம்பியர்தான். 20 மைக்ரோ ஆம்பியர் என்றால், ஒரு சின்ன எல்.இ.டி. விளக்குக்குத் தேவையான 20 மில்லி ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஷாக் அடிக்காது, சுடாது, ஒன்றுமே தெரியாது. அந்த முனையருகே ஆக்சிஜன் குறைந்து காரத்தன்மை கூடுகிறது. எலும்பு கட்டும் செல்களுக்கு அந்தச் சூழல் பிடித்திருக்கிறது.

பலரும் குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு. வலியைக் குறைக்கத் தண்டுவடத்தில் வைக்கும் மின்கருவி வேறு. அது 1967-ல் வந்தது, நரம்போடு பேசுகிற கருவி. இது எலும்போடு மட்டும்தான் பேசும். வலியைத் துளியும் குறைக்காது. "உள்ளே மெஷின் வைத்தும் வலிக்கிறதே" என்று நோயாளி நொந்துபோவதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

எல்லோருக்கும் இதை வைப்பதில்லை. ஏற்கெனவே ஒருமுறை இணைப்பு தோற்றவர்கள், இரண்டு மூன்று மட்டங்களில் இணைப்பு தேவைப்படுகிறவர்கள், புகைப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், இவர்களுக்குத்தான் எலும்பு ஒட்டுவது சந்தேகம். 1988-ல் வெளியான கேன் என்பவரின் ஆய்வில், இப்படிச் சிக்கலான நோயாளிகளில் கருவி வைத்தவர்களில் 81 சதவீதம் பேருக்கு ஒட்டியது. வைக்காதவர்களில் 54 சதவீதம்தான். பெரிய வித்தியாசம்தான், ஆனால் கருவி இருந்தும் ஒட்டாதவர்கள் அந்த 81-க்கு வெளியே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது. கட்டிலிலிருந்து எழுவதையே புதிதாகக் கற்க வேண்டும். முதுகை வளைக்காமல் மரக்கட்டை உருள்வதுபோல் மொத்தமாக ஒருக்களித்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். கட்டளைகள் மூன்று: குனியாதே, தூக்காதே, முறுக்காதே. ஒரு கேலன் பால் கேனுக்கு மேல் தூக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சொல்வார்கள், கிட்டத்தட்ட நாலு கிலோ. கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட நீளமான இடுக்கி வேண்டும். செருப்பு மாட்ட இன்னொருவர் வேண்டும். தன் குழந்தையைத் தூக்க முடியாத அப்பாவும் அம்மாவும் படும் வேதனையை எந்த எக்ஸ்ரேயும் காட்டாது.

செய்யச் சொல்லும் ஒரே வேலை நடை. முதல் நாள் கதவு வரை. அடுத்த வாரம் தெருமுனை வரை. அப்படியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். எலும்புக்கு அளவான பாரம் வேண்டும், நடை அதைக் கொடுக்கும். சிகரெட்டை மட்டும் தொடவே கூடாது. நிக்கோட்டின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து ஒட்டுகிற வேலையைக் கெடுக்கும். சில வலி மாத்திரைகளும் அப்படித்தான், மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது. ஒல்லியானவர்களுக்குப் பெல்ட் போடும்போதும் சாய்ந்து உட்காரும்போதும் அந்தப் பெட்டி உறுத்தும். ஸ்கேன் எடுக்கும் முன் கருவி இருப்பதைச் சொல்லியாக வேண்டும்.

இப்போது அந்த மூன்றாவது மாதத்துக்கு வருவோம். எலும்பு என்பது வங்கியில் உள்ள நடப்புக் கணக்கு மாதிரி. ஒரு வகைச் செல்கள் பணம் எடுத்துக்கொண்டே இருக்கும், இன்னொரு வகை போட்டுக்கொண்டே இருக்கும். பரப்பிய துணுக்குகளை உடம்பு முதலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, அந்த இடத்தில்தான் தன் சொந்த எலும்பைக் கட்டும். அது உறுதியாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். தசையும் தோலும் ஆறியதால் வலி போகிறது. அதை எலும்பு ஒட்டியதன் அடையாளமாக எடுத்துக்கொண்டு தண்ணீர்க் கேனைத் தூக்கினால், இருப்பே இல்லாத கணக்கில் செக் எழுதின கதைதான்!

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இணைப்பு தோற்றவர்களிலும் சிலருக்கு வலியே இருக்காது. நன்றாக ஒட்டிய சிலருக்கு வலி போகாது. அதனால்தான் "எப்படி இருக்கு?" என்று கேட்டதோடு மருத்துவர் நிறுத்துவதில்லை. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம் என்று படம் எடுத்துப் பார்க்கிறார்.

பேட்டரி ஏறத்தாழ ஆறு மாதம் ஓடிவிட்டு ஓய்ந்துவிடும். பிறகு வேண்டுமானால் சின்ன அறுவையில் பெட்டியை எடுத்துவிடலாம். எலும்புக்குள் போன கம்பி முனைகள் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும்.

உடம்புக்கு வெளியே கட்டிக்கொள்ளும் கருவிகளும் இருக்கின்றன. அவற்றைத் தினமும் மறக்காமல் மாட்ட வேண்டும். உள்ளே வைத்ததற்கு அந்தத் தொல்லை இல்லை, யாரும் ஞாபகப்படுத்தாமலேயே தன் வேலையைச் செய்யும். ஆனால் குனியாமல் இருப்பதையும், நடப்பதையும், "நல்லாயிட்டீங்களே" என்பவர்களிடம் சிரித்துவிட்டு, பால் கேனைத் தூக்கச் சொல்லி அடுத்தவரைக் கூப்பிடுவதையும் எந்தப் பேட்டரியும் செய்து தராது. அவ்வளவு நாள் பொறுத்திருப்பது நோயாளியின் வேலை. உதவி கேட்கிறவரைச் சோம்பேறி என்று நினைக்காமல் இருப்பது கூட இருப்பவர்களின் வேலை.