கொழும்பில் எங்கே தங்குவது?

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வாழும் ஒரு குடும்பம் கொழும்புக்குப் புறப்படத் தீர்மானித்தால், உடனே எழும் கேள்வி, “எங்கே தங்குவது?” என்பதாகும். முற்காலத்தில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. மாமி வீடோ சின்னம்மா வீடோ இருக்கும். ஒடியலும் பனங்கட்டியும் கட்டிக்கொண்டு போனால் ஒரு கிழமை இன்பமாகக் கழிந்துவிடும். இன்றோ அந்தச் சின்னம்மாவே தொடர்மாடியில் இரண்டு அறைகளுக்குள் ஐந்து பேருடன் வாழ்கிறார். ஆதலால் விடுதி தேடுவது பலருக்குத் தவிர்க்க முடியாததாகிவிட்டது.

சென்ற வருடம் என் தாயாரின் கண்களில் வெண்படலம் படர்ந்தமையால் அவரைக் கொழும்புக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. விடுதி என்றதும் அவர் முகம் வாடியது. “தம்பி, எங்கட ஆக்கள் இருக்கேக்கை லொட்ஜிலை ஏன் நிக்கவேணும்? அவை என்ன நினைப்பினம்?” என்றார். மற்றொரு காரணத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300க்கு மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டதும், மறுநாள் உயர் நீதிமன்றம் அச்செயலைத் தடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். ‘லொட்ஜ்’ என்னும் சொல் எங்கள் முதியோர் செவியில் இன்னும் இனிமையாக ஒலிப்பதில்லை.

நானோ அவரது மனத்தைக் கருதாமல் வாடகையையே கருதினேன். புறக்கோட்டையில் மலிவான ஓர் அறையைப் பதிவு செய்தேன். இரவு றெயிலில் வந்து விடியற்காலையில் வாயிலை அடைந்தோம். “அறை பகல் இரண்டு மணிக்குத்தான்” என்றார் அங்கிருந்தவர். அம்மா மூன்று மணி நேரம் ஒரு வாங்கில் மூட்டைகளுடன் அமர்ந்திருந்துவிட்டு, முகங் கழுவவும் வசதியின்றி வைத்தியரிடம் சென்றார். பின்னர் கிடைத்த அறை மூன்றாம் மாடியில், மின்தூக்கியோ இல்லை. மங்கிய கண்களுடன் அவர் படிகளைத் தடவித் தடவி ஏறியபோது, நான் மிச்சம் பிடித்த பணம் எத்துணை அற்பமானது என்பதை உணர்ந்தேன்.

விடுதியைத் தேர்வதற்கு முன், நாம் எக்கருமத்துக்காகப் போகிறோம் என்பதை முடிவு செய்தல் வேண்டும். கொழும்பு மாநகரம் 15 தபால் வலயங்களாக இலக்கமிடப்பட்டது. கோட்டை 1, வெள்ளவத்தை 6, கறுவாத்தோட்டம் 7, புறக்கோட்டை 11, கொட்டாஞ்சேனை 13. விலாசத்தில் இந்த இலக்கத்தையே முதலிற் பார்க்கவேண்டும். அதிகாலை றெயிலையோ பஸ்ஸையோ பிடிப்பவருக்குப் புறக்கோட்டை ஏற்றது. ஆனால் அங்கே அமைதியான உறக்கத்தை எதிர்பார்த்தலாகாது. தேசிய வைத்தியசாலைக்கும் கண் வைத்தியசாலைக்கும் போவோர் லிப்டன் சுற்றுவட்டத்தை அண்டித் தேடுதல் நன்று. பல்கலைக்கழகம், நூதனசாலை, பொது நூலகம் ஆகியவற்றை நாடும் மாணவருக்குப் பம்பலப்பிட்டி அதிக தூரமன்று. பொன்னம்பலவாணேஸ்வரரைத் தரிசிக்க விரும்புவோருக்குக் கொட்டாஞ்சேனைப் பக்கம் உகந்தது.

குடும்பமாகச் செல்வோர் பலர் வெள்ளவத்தையை விரும்புகின்றனர். சைவச் சாப்பாட்டுக் கடைகளும், தமிழ்ச் சங்கமும், இராமகிருஷ்ண மிஷனும் அங்கே உள்ளன. காலி வீதி பஸ்ஸும் கரையோர றெயிலும் கோட்டைக்குக் கொண்டு சேர்க்கும். ஆயினும் கடற்பக்க அறையென்று மயங்கிவிடலாகாது. கடலுக்கும் அறைக்கும் இடையே தண்டவாளம் ஓடுகிறது என்பதை முதல் றெயிலே அறிவித்துவிடும். 1864இல் தோன்றிய காலிமுக ஹோட்டல் போன்ற பழம்பெரும் இடங்களை, வசதியிருப்பின் ஒரு கோப்பை தேநீர் அருந்திப் பிள்ளைகளுக்குக் காட்டி வருதல் போதுமானது. நம் நாட்டில் ‘ஹோட்டல்’ என்று பலகை தொங்கும் இடங்களுட் பல வெறும் சாப்பாட்டுக் கடைகளே என்பதையும் மாணவர் மறத்தலாகாது.

தொலைபேசியிற் சில கேள்விகளைக் கேட்கக் கூச்சப்படவேண்டாம். விடியற்காலையில் வந்தால் அறை கிடைக்குமா? கிடைக்காவிடின் குளிக்கவும் மூட்டைகளை வைக்கவும் இடமுண்டா? அறை எத்தனையாம் மாடி? குளியலறை தனியா, பொதுவா? சொல்லும் வாடகையுள் வரியும் சேவைக் கட்டணமும் அடங்குமா? இரவில் வாயில் எத்தனை மணிக்குப் பூட்டப்படும்? போய்ச் சேர்ந்ததும், பணத்தைக் கொடுக்குமுன் அறையைப் பார்த்து, குழாயைத் திறந்து, கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். எல்லோரும் அடையாள அட்டையைக் கையோடு கொண்டு செல்லுதல் அவசியம்.

மற்றைய கண்ணுக்காக இரண்டாம் முறை சென்றபோது இவற்றையெல்லாம் கேட்டறிந்து, லிப்டன் சுற்றுவட்டத்துக்கு அருகே கீழ்த்தளத்தில் ஓர் அறை எடுத்தேன். வாடகை முன்னையதிலும் சற்று அதிகம். அம்மா குளித்து, திருநீறு பூசி, ஆறுதலாக வைத்தியரிடம் நடந்தே வந்தார். மறுநாள் மாலை பனங்கட்டிக் குட்டானுடன் வெள்ளவத்தைக்குப் போனோம். சின்னம்மா முகங்கோணவில்லை. “அக்கா, படுக்கப் பாய் தேடாமல் இண்டைக்குத்தான் உங்களோடை ஆறுதலாக் கதைச்சிருக்கிறன்” என்று சிரித்தார். இரவு விடுதிக்குத் திரும்பியதும் அம்மா தாமே சாவியை வாங்கிக் கதவைத் திறந்தார்.

மலிவும் ஆடம்பரமும் பின்னர் பார்க்கத்தக்கவை. நம்முடன் வருபவருள் மிகவும் தளர்ந்தவர் எவரோ, அவருக்கு எந்த அறை பொருந்துமோ அதுவே நல்ல விடுதி.