கிட்டார் பாடம்: எதுக்குக் காசு கொடுக்கணும்?

ஒவ்வொரு செமஸ்டர் லீவு முடிஞ்சதும் நம்ம ஹாஸ்டலுக்குப் புதுசா ரெண்டு மூணு கிட்டார் வந்து சேரும். முதல் வாரம் பக்கத்து ரூம்ல இருந்தெல்லாம் ஆளுங்க வந்து ஆளுக்கு ஒரு தடவை தட்டிப் பார்ப்பாங்க. ரெண்டாவது இன்டர்னல் வர்றதுக்குள்ள அதுல பாதி அலமாரி மேல ஏறியிருக்கும். அப்படி மேல ஏறின கிட்டார் திரும்பக் கீழ இறங்கி நான் அதிகம் பார்த்ததில்லை.

இது நம்ம காலேஜ் வியாதி மட்டும் இல்லை. கிட்டார் தயாரிக்கிற ஃபெண்டர் கம்பெனியோட தலைமை அதிகாரியா இருந்த ஆண்டி மூனி பேட்டிகள்ல சொன்ன கணக்கு ஒண்ணு இருக்கு. புதுசா கத்துக்க ஆரம்பிக்கிறவங்கள்ல சுமார் 90 சதவீதம் பேர் முதல் வருஷத்துக்குள்ளயே விட்டுடறாங்களாம். கிட்டார் விக்கிறவரே இப்படிச் சொல்றார்னா யோசிச்சுப் பாருங்க. 2017-ல ஃபெண்டர் ப்ளேன்னு சந்தா கட்டிக் கத்துக்கிற ஆன்லைன் பாடத்தை அவங்களே ஆரம்பிச்சாங்க. 2020 ஊரடங்குல அதையே மூணு மாசம் இலவசமாத் தந்தாங்க. முதல் 1,00,000 பேருக்குன்னு ஆரம்பிச்சு, கூட்டம் வர வர எண்ணிக்கையை ஏத்திக்கிட்டே போனாங்க.

நான் ஃபைனல் இயர். மூணு வருஷமா வாசிக்கிறேன். மேடை ஏறுற அளவுக்கு இல்லை, மொட்டை மாடியில நாலு பேர் பாடினா பின்னாடி வாசிக்கிற அளவுக்கு. கிட்டார் வாங்கின ஜூனியர்ஸ் எல்லாரும் என்கிட்ட கேக்கிறது ஒரே கேள்விதான்: "அண்ணா, யூடியூப்லயே கத்துக்கலாமா, இல்ல காசு கட்டி சேரணுமா?" தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்குது. அதான் இங்கே எழுதிடறேன்.

முதல்ல இலவசப் பக்கம். அங்கே என்ன இல்லைன்னு தேடினா ஒண்ணுமே இல்லாம இல்லை. ஆஸ்திரேலியாவுல பிறந்த ஜஸ்டின் சாண்டர்கோ 2003-ல ஜஸ்டின் கிட்டார்னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சார். கிட்டாரை எப்படிப் பிடிக்கணும்ங்கிறதுல ஆரம்பிச்சு, கிரேடு கிரேடா பிரிச்சு, ஒவ்வொரு கிரேடுலயும் என்ன பயிற்சி, எத்தனை நிமிஷம்னு எழுதி வச்சிருக்கார். பாடம் இலவசம், ஆப் வேணும்னாதான் காசு. மார்ட்டி ஷ்வார்ட்ஸ் மாதிரி ஆளுங்க தனித்தனிப் பாட்டா சொல்லித் தர்றாங்க. சி மேஜர் கார்டு (ஏடிஎம் கார்டு இல்லைங்க, மூணு நாலு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கிற கார்டு) எப்படிப் பிடிக்கணும்னு தெரிஞ்சுக்க இன்னைக்கு யாரும் அஞ்சு பைசா செலவழிக்க வேண்டியதில்லை.

ஒரு சிக்கல் மொழி. நான் இங்கிலீஷ் மீடியம், எனக்கு இது உறைக்கவே இல்லை. தமிழ் மீடியத்துல படிச்சு வந்த என் கிளாஸ்மேட் ஒருத்தன்தான் சொன்னான்: "அந்த ஆள் பேசுற வேகத்துல கையைப் பார்க்கிறதா, சப்டைட்டிலைப் பார்க்கிறதா?" ரெண்டும் ஒரே நேரத்துல முடியாதுதானே. தமிழ்லயும் நல்ல இலவச வீடியோக்கள் நிறைய இருக்கு. ஆனா நான் பார்த்தவரைக்கும் பெரும்பாலும் 'இந்தப் பாட்டுக்கு இந்தக் கார்டு' வகைதான். முதல் நாள்ல இருந்து படிப்படியா ஏத்திவிடுறது குறைவு. நீங்க இந்த இடத்துல இருந்தா, தமிழ்ல பேசுற ஒரு ஆசிரியருக்குக் காசு கொடுக்கிறது ஆடம்பரம் இல்லை.

அடுத்து, காசுப் பக்கம். எல்லாத்தையும் 'பெய்டு'ன்னு ஒரே மூட்டையில கட்டுறதுதான் குழப்பத்துக்குக் காரணம். அதுல மூணு சரக்கு இருக்கு. ஒண்ணு, ஏற்கெனவே எடுத்து வச்ச வீடியோ கோர்ஸ். ரெண்டு, நீங்க வாசிக்கிறதை மைக் வழியா கேட்டு மார்க் போடுற ஆப், யூசிஷியன் மாதிரி. மூணு, அந்தப் பக்கம் உயிரோட ஒரு மனுஷன் உட்கார்ந்து உங்களைப் பார்க்கிற லைவ் கிளாஸ்.

இந்த மூணும் ஒண்ணில்லைன்னு புரிய கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரை ஞாபகப்படுத்திக்கோங்க. டைமர் வச்ச வாஷிங் மெஷின் இருபது நிமிஷம் சுத்தும், நின்னுடும். அழுக்குப் போச்சான்னு பார்க்காது. அது ஓப்பன் லூப். கீசர்ல தெர்மோஸ்டாட் இருக்கு, தண்ணி எவ்வளவு சூடாச்சுன்னு பார்த்து அதுக்கேத்த மாதிரி கரண்டை நிறுத்தும். அது குளோஸ்டு லூப். வீடியோ பாடம், அது இலவசமோ பத்தாயிரமோ, ஓப்பன் லூப்தான். அவர் சொல்வார், நீங்க செய்வீங்க. சரியா செஞ்சீங்களான்னு அவருக்குத் தெரியாது. காசு கட்டினதால அந்த வீடியோவுக்குக் கண்ணு முளைக்காது.

ஆப் கொஞ்சம் பரவாயில்லை, அதுக்குக் காது இருக்கு. ஆறாவது கம்பியைச் சும்மா தட்டினா 82.4 ஹெர்ட்ஸ், அஞ்சாவது கம்பி 110. மைக்ல வர்ற ஒலியோட அலைவரிசையைப் பார்த்து, சரியான ஸ்வரம் சரியான நேரத்துல வந்துச்சான்னு சொல்லிடும். தாளம் தப்புறவங்களுக்கு இது ரொம்ப உதவும். ஆனா ஏன் வரலைங்கிறது அதுக்குத் தெரியாது. கட்டைவிரல் எங்கே இருக்கு, மணிக்கட்டு எவ்வளவு மடங்கியிருக்கு, தோள் ஏன் காது வரைக்கும் ஏறி நிக்குதுன்னு மைக்குக்குத் தெரிய வழியில்லை. அது சிவப்பு விளக்கு போடும். அவ்வளவுதான்.

இதுல என்ன பெரிய நஷ்டம்னு கேக்கலாம். என் ரூம்மேட் கதையைச் சொன்னா புரியும்.

எஃப் கார்டு பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. ஆள்காட்டி விரலைப் படுக்க வச்சு முதல் ஃப்ரெட்டுல ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்கணும். பாதிப்பேர் கிட்டாரை விடுறது இந்த இடத்துலதான்னு அடிச்சுச் சொல்வேன். அவன் ஆப்ல சந்தா கட்டித்தான் கத்துக்கிட்டான். எஃப் வரும்போதெல்லாம் சிவப்பு. தினம் ராத்திரி மெஸ் முடிஞ்சு ஒரு மணி நேரம், விரல் நுனி கன்னிப்போற அளவுக்கு முயற்சி பண்ணினான். அஞ்சு மாசம். அப்புறம் ஒருநாள், "எனக்குக் கை சின்னது மச்சான், இதெல்லாம் நமக்கு வராது"ன்னு சொல்லிட்டு, ஒரு ஜூனியர்கிட்ட பாதி விலைக்குக் கொடுத்துட்டான்.

எனக்கும் அதே எஃப்ல அதே முட்டுச்சந்துதான். அதுவரைக்கும் முழுசா இலவசமாத்தான் கத்துக்கிட்டிருந்தேன். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசுல, கோயம்புத்தூர்ல இருக்கிற ஒரு மாஸ்டர்கிட்ட நாலே நாலு லைவ் கிளாஸ் மட்டும் எடுத்தேன். ஒரு கிளாஸுக்கு ஐந்நூறு ரூபாய். முதல் கிளாஸ்ல அவர் பாடமே எடுக்கல. "தம்பி, எஃப் பிடிங்க" என்றார். பிடிச்சேன். "அதே ஷேப்பை அப்படியே அஞ்சாவது ஃப்ரெட்டுக்குக் கொண்டு போங்க." கொண்டு போனேன், பளிச்சுன்னு கேட்டுச்சு. "இப்போ முதல் ஃப்ரெட்டுல கேப்போ போட்டுட்டு, ரெண்டாவதுல பிடிங்க." அதுவும் வந்துடுச்சு. சிரிச்சுட்டுச் சொன்னார்: "உங்க கையில ஒண்ணும் இல்ல தம்பி. கிட்டாரோட நட் உசரமா இருக்கு. கடையில கொடுத்து செட்டப் பண்ணிட்டு வாங்க, அடுத்த கிளாஸ் பார்ப்போம்."

நட்டுங்கிறது கிட்டாரோட தலைக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் நடுவுல கம்பிகள் உட்கார்ற அந்தச் சின்ன வெள்ளைப் பட்டை. அதுல வெட்டின பள்ளம் ஆழம் பத்தலைன்னா, முதல் ஃப்ரெட்டுல கம்பி உயரமா நிக்கும், அமுக்க ரெண்டு மடங்கு பலம் வேணும். கேப்போ போட்டா நட்டோட வேலையைக் கேப்போ எடுத்துக்கும். அதனாலதான் உடனே சுலபமாச்சு. கடைக்காரர் நட்டு பள்ளத்தை அரத்தால ராவி, பிரிட்ஜ் பக்கம் இருக்கிற சேடிலைக் கொஞ்சம் தேய்ச்சுக் கொடுத்தார். அறுநூறு ரூபாய். எஃப் அந்த வாரமே முனகலா கேட்க ஆரம்பிச்சுது.

இதை எந்த வீடியோவும் சொல்லலையான்னா, சொல்லியிருக்காங்க. 'நட் ஹைட்'னு தேடினா நூறு வீடியோ வரும். ஆனா பிரச்சினை நட்டுலதான்னு தெரிஞ்சவன்தான் அப்படித் தேடுவான். தெரியாதவன் 'எஃப் கார்டு டிப்ஸ்'னுதான் தேடுவான். அங்கே எல்லாரும் 'இன்னும் பயிற்சி பண்ணுங்க'ன்னுதான் சொல்வாங்க.

ரூம்மேட் வித்த கிட்டாரோட அந்த ஜூனியர் ரெண்டு மாசம் கழிச்சு என்கிட்ட வந்தான். இஞ்சினியரிங் கிராபிக்ஸுக்கு வாங்கின ஸ்கேலை எடுத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் ஆறாவது கம்பிக்கும் நடுவுல வச்சுப் பார்த்தேன். சாதாரண அகூஸ்டிக் கிட்டாருக்கு அது இரண்டரை மில்லிமீட்டர் பக்கம் இருக்கும். இதுல நாலரை. ரூம்ல வந்து சொன்னேன். அவன் லேப்டாப்ல இருந்து தலையைத் தூக்காமலே, "அப்போ என் கை நல்லாத்தான் இருந்துச்சா மச்சான்?" என்றான்.

ஆமாடா, நல்லாத்தான் இருந்துச்சு.

ஓப்பன் லூப்ல இருக்கிற உண்மையான ஆபத்து இதுதான். சந்தா வீணாகிறது சின்ன விஷயம். எங்கே தப்புன்னு சொல்ல ஆள் இல்லாதப்போ, தப்பு நம்மகிட்டதான்னு நாமே முடிவு பண்ணிடறோம். 'எனக்கு வராது'ங்கிற தீர்ப்பு கிட்டாரோட நிக்கிறதும் இல்லை.

அதனால என் பதில்: தகவலுக்குக் காசு கொடுக்காதீங்க, உங்களைப் பார்க்கிற கண்ணுக்குக் கொடுங்க. என்.பி.டி.இ.எல் மாதிரி யோசிங்க. வீடியோ எல்லாருக்கும் இலவசம். ஆயிரம் ரூபாய் எங்கே கட்டறோம்? ஒரு ஹால்ல உட்கார வச்சு, நமக்கு என்ன தெரியும்னு சோதிக்கிற பரீட்சைக்கு.

அந்தக் கண்ணு காசுக்கு மட்டும்தான் கிடைக்கும்னும் இல்லை. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பெரும்பாலும் தானா கத்துக்கிட்டவர்னு எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. உண்மைதான். ஆனா அவர் தன் பேர்ல புகழ் அடையறதுக்கு முன்னாடி ஐஸ்லி பிரதர்ஸ், லிட்டில் ரிச்சர்ட் குழுக்கள்ல பின்னணி வாசிச்சவர். தப்பா வாசிச்சா பக்கத்துல நிக்கிறவன் திரும்பிப் பார்ப்பான்ல, அதுவும் பாடம்தான். இந்தப் பக்கம் இளையராஜா, தன்ராஜ் மாஸ்டர்கிட்ட முறையா மேற்கத்திய இசை கத்துக்கிட்டார், ஜி.கே. வெங்கடேஷ்கிட்ட வேலையும் பார்த்தார். ரெண்டு பேரும் தனியறையில உட்கார்ந்து மட்டும் வளரலை.

எங்கிட்ட கேக்கிற ஜூனியருக்கு நான் சொல்ற கணக்கு இது:

கிட்டார் வாங்கின அன்னைக்கே பாடத்துக்கு இல்லாம செட்டப்புக்குக் காசு ஒதுக்குங்க. அப்புறம் மூணு மாசம் இலவசம் போதும். ஆனா பத்து சேனல் மேய வேண்டாம். ஒரே ஒரு படிப்படியான கோர்ஸைப் பிடிச்சு வரிசையாப் போங்க. வாரம் ஒரு தடவை இடது கை தெரியற மாதிரி போன்ல வீடியோ எடுத்து நீங்களே பாருங்க. காதுக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரியும். பாடத் தெரிஞ்ச ஒரு நண்பனைப் பிடிச்சு வாரம் ஒரு பாட்டு சேர்ந்து வாசிங்க. அவன் நிறுத்தாம பாடுவான், நீங்களும் நிறுத்த முடியாது. மெட்ரோநோம் தர்ற பாடத்தை அவனே தந்துடுவான்.

அதுக்கப்புறமும் ஒரு இடத்துல மூணு வாரம் அசையாம நின்னா, அப்போ காசு எடுங்க. வருஷச் சந்தா வேண்டாம். ஒரு லைவ் கிளாஸ், அதிகம்னா நாலு. உள்ளே போறதுக்கு முன்னாடி 'எனக்கு இது வரலை'ன்னு குறிப்பா ஒரு வரி எழுதி வச்சுக்கோங்க. ஜூம்ல எடுத்தா 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' செட்டிங்கை ஆன் பண்ணுங்க. இல்லைன்னா அது உங்க கிட்டாரை ஃபேன் சத்தம்னு நினைச்சு அமுக்கிடும். ஆன்லைன்ல மாஸ்டரோட சேர்ந்து வாசிக்கவும் முடியாது, சத்தம் போய்ச் சேர்ற தாமதத்துல தாளம் பிசகும். அவர் வாசிக்க நீங்க கேளுங்க, நீங்க வாசிக்க அவர் கேக்கட்டும்.

ஆப்தான் பிடிச்சிருக்குன்னா தாராளமா எடுங்க, மாசச் சந்தாவா எடுங்க. யூபிஐ ஆட்டோபே போட்டிருந்தா, பணம் எடுக்கிறதுக்கு ஒரு நாள் முன்னாடி மெசேஜ் வரும். அதைத் தள்ளிவிடாம படிங்க. அந்த மாசம் எத்தனை நாள் கிட்டாரைத் தொட்டீங்கன்னு எண்ணிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

கிட்டார் ஏற்கெனவே அலமாரி மேல ஏறிடுச்சுன்னா, கோர்ஸ் எல்லாம் தேட வேண்டாம். முதல்ல கீழ இறக்கி, ஒரு ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. ஸ்கேல் இல்லைன்னா மூணாவது மாடிக்கு வாங்க, என்கிட்ட இருக்கு. மே மாசம் வரைக்கும் இங்கேதான் இருப்பேன்.