குஞ்சுக்கு ஒரு கட்டு

பூனைக்குப் பயந்து, பொரித்த குஞ்சுகளைப் பெட்டியில் வழவழப்பான காகிதம் விரித்து விட்டவன் நானே. மறுநாள் ஒன்றுக்குக் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிட்டன.

"1928-ல் காந்தியடிகளே, நோயால் துடித்த கன்றின் உயிரைப் போக்கச் சம்மதித்தாரே! இதையும் முடித்துவிடுங்கள், வாத்தியார் ஐயா" என்றார் அடுத்த வீட்டுக்காரர்.

அந்தக் கன்றுக்கு வைத்தியம் பலிக்கவில்லை. இதற்கோ வைத்தியமே தொடங்கவில்லை. குஞ்சின் எலும்பு இளசு. துணி நாடாவால் கால்களைச் சிறிது இடைவெளி விட்டுப் பிணைத்துச் சாக்கின் மேல் விட்டேன். என் மகள் வேளை தவறாமல் தண்ணீர் புகட்டினாள். நான்காம் நாள் கட்டை அவிழ்த்தோம். விழுந்தது; எழுந்தது; தாயிடம் ஓடிற்று.

கீழ்பென்னாத்தூர்ப் பள்ளியில் 'மக்கு' என்று நான் கைவிட்ட பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு நான் என்ன தரையை விரித்தேன்?